நாற்பத்தொன்றாம் வரி

பிப்ரவரி. ஐடஹோவில் சாமன் என்ற சிற்றூர்.
தீயணைப்பு நிலைய மாடியில்
ஐந்து பேர், ஒரு ஹீட்டர், ஆறிப்போன காப்பி.
தகுதிச் சான்றுக் குழு என்று பெயர்.
எந்தப் பேரிடரை யார் கையில் கொடுக்கலாம் என்று
இவர்கள் சொல்ல வேண்டும்.
கோப்புகளை எடுத்து நீட்டுவது என் வேலை.
வாக்கு எனக்கில்லை.

மைத்தே அர்ரேகியின் பணிப்புத்தகம்
பிரித்தாலே புகை வாசம்.
நாற்பத்தொரு வரி. நாற்பதில் கையொப்பம்.
ஒன்றின்மேல் நசுங்கிய கொசு.
ஒன்றில் மதிப்பீட்டாளரின் கை நடுங்கியிருக்கிறது.
ஒவ்வொரு கையொப்பத்துக்கும் பக்கத்தில் ஒரு தேதி.
தேதிகளை மட்டும் வரிசையாகப் படித்தால்
யாரோ ஒருவரின் வைக்கோல் கொட்டகை எரிந்த நாள்,
யாரோ குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஓடிய நாள்.
ஒருத்தி தேறி வருவதற்கு
இத்தனை பேருடைய கெட்ட நாள் வேண்டியிருக்கிறது.

கடைசி வரி மட்டும் வெறுமை:
'அடுத்து வருபவரிடம் பொறுப்பை முழுமையாக ஒப்படைத்தார்.'
மூன்று கோடை அதற்காகக் காத்திருந்தாள்.
முதல் தீ, அவள் போய்ச் சேருமுன் அடங்கியது.
இரண்டாவதில் முழங்கால் பிசகி
பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள்.
மூன்றாவதில், ஒப்படைக்க வேண்டிய அன்று காலை,
மழை.
முகாமே ஆடியது. சமையல்காரர் அண்டாவைத் தட்டினார்.
அவளும் கைதட்டினாள்,
பிறகு வரைபடக் கூடாரத்துக்குள் போனவள்
வெகுநேரம் வரவில்லை.
இதை அவளே சொன்னாள் என்னிடம்,
திருட்டை ஒத்துக்கொள்பவள் போல:
"மழையைத் திட்டினேன், ஆர்லிஸ்."

புத்தகத்துக்கு ஆயுள் மூன்று ஆண்டு. மே மாதம் முடிகிறது.
"நாற்பது வாங்கியவளுக்கு ஒன்று போடக் கூடாதா?"
என்றார் ஒருவர்.
"ஒரு பாவனைப் பயிற்சி வைப்போம்.
மேசையிலேயே முடித்துவிடலாம்."
வெர்ல் ஸ்டாடர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மாட்டேன் என்பதை அவர் அப்படித்தான் தொடங்குவார்.
"மேசை நனையாது" என்றார்.
மற்ற நால்வரும் காப்பியைப் பார்த்தார்கள்.
நான் 'நிலுவை' என்று எழுதினேன்.
எழுத்து நேராக விழவில்லை.

பதினோரு நாள் கழித்து ஆறு நின்றது.
ஆறு நின்று பார்த்திருக்கிறீர்களா?
பாளம் பாளமாகப் பனி ஏறி அடைத்துக்கொள்ள
தண்ணீர் யாரையும் கேட்காமல் தெருவுக்குள் வந்தது.
அழைப்புப் பட்டியலில் மிக அருகில் இருந்தவள் அவள்தான்.
பயிலுநர் என்ற அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வந்தாள்.
இரண்டு இரவு. மைனஸ் பத்தொன்பது.
மணல் மூட்டைகள், மாடு ஏற்றும் லாரிகள்,
பள்ளிக்கூட ஜிம்மில் மடக்குக் கட்டில்கள்.
வெர்ல் பக்கத்திலேயே நின்றார்,
குறிப்பேட்டோடு, ஒரு வார்த்தை உதவாமல்.
மூன்றாம் நாள் விடியுமுன்
போகடெல்லோவிலிருந்து வந்திறங்கியவனிடம்
சுவரில் சாய்ந்தபடி எல்லாம் சொல்லி முடித்தாள்.

புத்தகம்?
அவள் டிரக்கில். டிரக் தண்ணீரில்.

இப்போது அது என் ஹீட்டர் மேல் காய்கிறது,
பக்கங்கள் அலை அலையாக உப்பி.
வெர்ல் உடனே கையெழுத்துப் போடவில்லை.
போகடெல்லோவுக்குப் போன் போட்டார்:
"அவள் உன்னிடம் தராமல் விட்டது ஏதாவது உண்டா?"
ஸ்பீக்கரில் அவன் குரல் கரகரத்தது.
"எல்லாம் இருந்தது. படிவத்தில் இல்லாததும் இருந்தது.
ஆற்றோரம் நான்காவது வீட்டுக்காரருக்குக் காது கேட்காது,
கதவைத் தட்டாதே, ஜன்னலில் டார்ச் அடி என்றாள்.
அடித்தேன். வந்தார். பூனையைத் தூக்கிக்கொண்டு."

ஈரத் தாளில் பேனா எழுதவில்லை.
வெர்ல் பென்சிலால் போட்டார்.
பென்சில் செல்லாது என்று விதி இருக்கிறது.
அப்போது நான் கோப்பு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேதியை அவளையே நிரப்பச் சொன்னேன்.
பென்சிலை வாங்கிக்கொண்டாள்.
ஜன்னலுக்கு வெளியே, வேலிக் கம்பியில்
யார் வீட்டுக் கம்பளமோ சேறு வடியத் தொங்கியது.
"என்ன தேதி போட?" என்றாள்,
தெரியாமல் கேட்பவளைப் போல இல்லை.